நான் நடந்து பார்க்காத மூன்று கிலோமீட்டர்

என் அன்பு மகளுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று முதியோர் கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்காவிட்டாலும் நான் அதைத்தான் எழுதியிருப்பேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சமையலறைக் குழாயில் ஒழுகிக்கொண்டிருந்ததைப் போன வாரம் நானே வாஷர் மாற்றி நிறுத்திவிட்டேன், மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த நாலு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஒரு சொல் முழுசாக வந்து நின்றால் அதை நானே ஒரு தடவை தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்கு வருகிற சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க முடியாது. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் அதே பக்கத்துலயா நிக்குது வண்டி" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

ஆனால் இது சந்தோஷக் கடிதம் இல்லை அம்மாடி. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாயே, நான் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற போட்டோவை உன் அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினதாகவும், எங்க அப்பா ஏற்பாடு பண்ணின நடை என்று சொன்னதாகவும், அதே மாதிரி நீங்களும் அங்கே ஒன்று நடத்தப்போவதாகவும், பாதை போட்ட விவரத்தை எல்லாம் அனுப்பும்படியும் கேட்டாயே. நான் ம், ம் என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ நினைத்திருப்பாய், அப்பாவுக்குக் கூச்சம் என்று. எனக்கு வாய் வரவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதுவரை உனக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல என் வண்டிக் கண்டக்டர் விசில் மாமா எழுதியவை என்று உனக்குத் தெரியும். இதை அவனிடம் சொல்லி எழுத முடியாது. இது அவனுக்கு நான் செய்ததைப் பற்றியது.

முதலில் இருந்து சொல்கிறேன். சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் நினைத்ததை முடிக்காமல் விடவும் மாட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் வந்தால் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், அதற்கு நிதி திரட்ட நம் பகுதி மக்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். எங்கள் வகுப்பு நடக்கிற சமுதாயக் கூடத்திலேயே குழு கூடினோம். தையல்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நான், இன்னும் சில பேர். யார் எந்த வேலை என்று பிரித்தபோது, பாதை போடுகிற வேலையை டிரைவரிடம் கொடுங்கள் என்று எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸம்மா அன்றைக்கே தெளிவாகச் சொன்னார், நடக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும், சில பேருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இருக்காது, கல் குத்தினாலும் தெரியாது, அதனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓர் அடி கூடக் கூடாது, மேடு கூடாது, நிழல் வேண்டும், முக்கியமாகப் பாதை போடுகிறவர் அதை முழுக்க நடந்து பார்க்க வேண்டும் என்று. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கூடத்துக்கு முன்னால் போகிற, நான் பஸ் ஓட்டின ரோட்டில் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு அரை கிலோமீட்டர் என்பது ஊருக்கே தெரியும். மூன்று கிலோமீட்டர் என்றால் ஆறு ஸ்டாப்பு. நான் கண்ணை மூடி என் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன், கூடத்து வாசலில் இருந்து பூங்கா, தண்ணீர்த் தொட்டி, மேம்பாலம் தாண்டி மில், கோர்ட்டு, வங்கி, விளையாட்டு மைதானம், ஆறு முடிந்தது. மனசுக்குள் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. கடைசிப் பத்து வருஷம் நான் ஓட்டியது எக்ஸ்பிரஸ் வண்டி என்பதை நான் நினைக்கவே இல்லை. எனக்கு ஸ்டாப்பு என்றால் என் வண்டி நின்ற இடம். நடுவில் கை காட்டிக்கொண்டு நின்றவர்களை எல்லாம் நான் ஹாரன் அடித்துக் கடந்து போனவன், அந்த இடங்கள் என் கணக்கில் இல்லாமலே போய்விட்டன. இது கூடத் தப்புதான், மன்னிக்கிற தப்பு. இதற்கு மேல் நான் செய்ததைத்தான் எழுதக் கை வரவில்லை.

நடந்து பார்ப்பதற்கென்று இரண்டு காலை ஒதுக்கியிருந்தேன். இரண்டு காலையும் உன் அம்மாவிடம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நேரே கூடத்துக்குப் போய் உட்கார்ந்து அம்புக்குறிப் பலகைகளுக்கு எழுத்து எழுதினேன். நடப்போம், இந்த வழி, மெதுவாகச் செல்லவும், தண்ணீர் இங்கே. நான் எழுதினதை நூறு பேர் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தால் எழுந்திருக்க மனசே வரவில்லை. ஒரு ழ சரியாக வரவில்லை என்று பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் எழுதின பலகையைப் பார்த்து இது என்னவோ என்று வண்டி ஓட்டினவனுக்கு அது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று உனக்குப் புரியும். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "நடந்துட்டு வந்தவருக்கு விரல்ல எப்படிங்க பெயின்ட்டு" என்று கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

கடைசிக் கூட்டத்தில் நர்ஸம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஐயா, ரூட்டை நடந்து பாத்தீங்களா?" நான் வாய் கூசாமல் சொன்னேன், "ரெண்டு தடவை நடந்துட்டேம்மா, நிதானமா நடந்தா அம்பது நிமிஷம்." அந்த ஐம்பது நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தையல்காரர் மட்டும், "மைதானம் கொஞ்சம் தூரமாத் தெரியுதே, எதுக்கும் போன்ல ஒரு தடவை அளந்து பாத்துரலாமா" என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஏங்க, முப்பத்தோரு வருஷம் அந்த ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கேன், எனக்குப் போன் வந்து ரோடு காட்டணுமா? நான் வந்து உங்க சட்டைய அளக்குறேனா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். குழுவில் இல்லாவிட்டாலும் கூட்டத்துக்கு என்னோடு வருகிற விசில் அன்றைக்குக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பான், ஸ்டாப்பு ஸ்டாப்பாக டிக்கெட் கிழித்தவன் அவன்தானே. நோட்டீஸிலும் புறப்படுகிற இடமும் மூன்று கிலோமீட்டர் என்பதும்தான் போட்டிருந்தது, போய்ச் சேருகிற இடம் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிறு காலை நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். நான் கொடியோடு முன்னால். விசில் பழைய காக்கிச் சட்டையும் டிப்போவில் கொடுத்த கறுப்பு ஷூவும் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை அவனுக்கு, பாதம் மரத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. மெத்தை வைத்த செருப்புதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், "மூணு கிலோமீட்டருக்கு என்னடா, நம்ம வண்டி கிளம்புற மாதிரி கிளம்பணும், அதுக்கு இதுதான் சரி" என்றான். விசில் ஊதினான், நடந்தோம். பூங்கா வரை பேச்சும் சிரிப்பும். தண்ணீர்த் தொட்டி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது, நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், எல்லோரும் ரோட்டோரமாக ஒற்றை வரிசையில் போனோம். பின்னால் இருந்து ஒரு பெண், "ஏங்க டிரைவர், அடுத்த ஸ்டாப்பு அடுத்த ஊர்லயா?" என்று கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள். மேம்பாலத்தின் அடியில் போய் நிமிர்ந்து பார்த்தேன். வண்டியில் அரை நிமிஷம், இரண்டாவது கியரில் ஏறிவிடும். காலால் பார்த்தபோது அது மலை மாதிரி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசிலும் அங்கேதான் கண்டுபிடித்தான். யாருக்கும் கேட்காதபடி என் தோளை ஒட்டி வந்து, "டேய், மைதானத்துக்கா கூட்டிட்டுப் போற? எக்ஸ்பிரஸ் கணக்குல போட்டுட்டியா?" என்றான். அந்த இடத்தில் நான் நின்றிருக்கலாம். கொடியைத் தாழ்த்தி, தப்பாகிவிட்டது, எல்லோரும் திரும்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பின்னால் வேன் இருந்தது, நாலு பேர் கேலி பண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான். நான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாயை மூடிட்டு நட" என்றேன்.

அவன் மூடிக்கொண்டான். அதற்கு மேலும் செய்தான். பாலத்தில் பாதியில் பலர் நின்றுவிட்டார்கள், என்னய்யா இது மூன்று கிலோமீட்டரா என்று மருந்துக்கடைக்காரர் சத்தம் போட்டபோது விசில் திரும்பி, "நானும் இவனும் சேர்ந்துதாங்க நடந்து பாத்தோம், சரியாத்தான் இருக்கு, உங்க காலுக்குத்தான் பழக்கம் இல்ல" என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். வேன் நாலு தடவை போய் வந்தது. முடியாதவர்கள் எல்லோரும் ஏறினார்கள். அவனையும் ஏறச் சொன்னார்கள். அவன் ஏறவில்லை. அவன் ஏறிவிட்டால் பாதை தப்பு என்று ஆகிவிடும் என்று கடைசி வரை நடந்தான். மைதானத்தில் எங்களோடு முழுக்க நடந்து வந்தவர்கள் முப்பது பேர் கூட இருக்க மாட்டார்கள். அங்கே வைத்துத்தான் அந்தப் போட்டோ எடுத்தார்கள் அம்மாடி. நீ எல்லோரிடமும் காட்டினாயே, அதில் என் பக்கத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான் பார், அப்போதே அவன் ஷூவுக்குள் ரத்தம் இருந்தது. அவனுக்கும் தெரியாது. ஷூவின் அடித்தோல் விட்டு ஓர் ஆணி மேலே வந்திருக்கிறது. நர்ஸம்மா வரிசையாக எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டு வந்தார், இவன் சாக்ஸைக் கழற்றினதும் அவர் முகம் மாறிவிட்டது.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று புதன், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், புண் ஏறிக்கொண்டே போயிற்று, ஒன்பதாம் நாள் வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இத்தோடு நின்றால் பாதம் தப்பிக்கும் என்றார் டாக்டர், நிற்குமா என்று கேட்டால் காயும்வரை பார்க்கலாம் என்கிறார். அதைவிடக் கொடுமையைக் கேள். நர்ஸம்மா கோபத்தில் அவனைத்தான் திட்டினார். "நடந்து பாத்தேன்னு நீங்களும் சொன்னீங்களே, இந்தக் காலை வெச்சுக்கிட்டு எல்லாரையும் இவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். அவன் மனைவி, "ஊருக்கு உழைக்கப் போனாராம், ஊரே இவரைத்தான் திட்டுது" என்று அழுதது. நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள், "பெயின்ட்டைப் பாத்தப்பவே தெரியும். சந்தோஷமா இருக்கீங்களேன்னு விட்டுட்டேன், அது என் தப்பு" என்றாள். அவள் பங்குக்கும் ஒரு தப்பை எடுத்துக்கொண்டதில் எனக்கு இன்னும் கேவலமாகிவிட்டது.

போன வியாழக்கிழமை நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, நிதியோடு சேர்த்து நடையைப் பற்றி ஓர் அறிக்கையும் அனுப்ப வேண்டும், யாருக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று அதில் வர வேண்டும், "இதை நான் எழுத முடியாது ஐயா, நீங்களே எழுதுங்க, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குழுவுல நீங்களே படிங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் அதை விசிலுக்குப் படித்துக் காட்டினேன். முப்பது வருஷமாக எனக்கு வந்த காகிதம் எல்லாம் அவன் படித்துச் சொன்னது, அவனுக்கு நான் படித்தது இதுதான் முதல் தடவை, இதைத்தானா முதலில் படிக்க வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "தூரம் தப்பு. ஏழு இல்ல, ஏழரை. பாலத்துல இருந்து எண்ணிக்கிட்டுதான் வந்தேன், மொத்தம் பதினஞ்சு ஸ்டாப்பு" என்றான். திருத்திக்கொண்டேன். அப்புறம் சொன்னான், "விரலை விடு, அது எப்பவாவது போயிருக்கும். டிக்கெட் தகராறுல எவ்வளவோ பேர் என்னை என்னென்னமோ சொல்லியிருக்காங்க. நீ சொன்னதில்ல. வாயை மூடுன்னு நீ சொல்லிட்டியேடா." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தினமும் போகிறேன், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பேசவில்லை. அந்த வார்த்தையை அறிக்கையில் எழுதவில்லை, அது ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டாதது. உனக்கு எழுதிவிட்டேன்.

இன்று வியாழன். நேற்று கட்டுப் பிரிக்கும்போது நான் வெளியே போக எழுந்தேன், "இரு" என்றான். புண் காய ஆரம்பித்திருக்கிறது, ஓரம் சிவந்து புதுத் தோல் தெரிகிறது, டாக்டர் இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். கட்டுப் போட்டு முடித்ததும் விசில் மேலே பார்த்துக்கொண்டே சொன்னான், "நாளை மறுநாள் கூட்டத்துக்கு நானும் வர்றேன். நானும் நடந்து பாத்தேன்னு நூறு பேர் முன்னால சொன்னேனே, அதை உன் காகிதத்துல எப்படிடா எழுதுவ, அது என் பொய்யி, நான்தான் வந்து சொல்லணும்." வேண்டாம், அது எனக்காகச் சொன்னது, என்னோடு போகட்டும் என்றேன். "ரொம்பத் தாராளம்தான். சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு வர ஆள் வேணும், வர்றியா மாட்டியா?" என்றான். வருகிறேன் என்றேன். இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என்னை மன்னித்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன், அவன் அப்படிச் சொல்லவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் இருந்து சமுதாயக் கூடம் வரை நடந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கின காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மருந்துக்கடைக்கு எதிரில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, அங்கே இடது ஓரமாக ஒதுங்க வேண்டும். பள்ளிக்கூட மூலையில் நடைபாதை ஒரு சாண் உயரம், பின்பக்கமாகத் திருப்பித்தான் ஏற்ற முடியும், மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கூடத்து முன்வாசலில் ஐந்து படி, அது ஆகாது, பின்வாசலில் சாய்தளம் இருக்கிறது, பூட்டியிருந்தது, காவலரிடம் சொல்லி நாளை காலையிலேயே திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மெதுவாகத் தள்ளினால் இருபத்தெட்டு நிமிஷம். இதைக் கடிகாரம் பார்த்து எழுதுகிறேன்.

நீ நடத்தப்போகிற நடையைக் கட்டாயம் நடத்து, அந்த ஆராய்ச்சி இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ஆனால் என் பெயரை அதில் சேர்க்காதே, அந்தப் போட்டோவை யாரிடம் எல்லாம் காட்டினாயோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடு, உனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாதையை நீயே நடந்து பார், சர்க்கரை உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு நட, எங்கே முடியவில்லை என்று அவரைக் கேள், அவர் சொல்கிற இடத்தில் நிறுத்து. வருகிறவர்களின் செருப்பைப் புறப்படுவதற்கு முன்னாலேயே கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல். விசில் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவன் காலைப் பற்றிக் கேள், எனக்காக ஒன்றும் பேசாதே.

பேத்தியிடம் தாத்தா எழுதினது என்று இதைக் காட்டலாம், அவள் பெரியவளானதும் முழுவதையும் படித்துச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், உன் அம்மாவும் நானும் உங்களை நினைக்காமல் ஒரு வேளை சாப்பிடுவதில்லை. உனக்கும் நாற்பது ஆகப்போகிறது, வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள், மறந்துவிடாதே. நாளைக்குக் கூட்டம் பத்து மணிக்கு. அவன் எட்டரைக்கே தயாராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், நான் எட்டு மணிக்குப் போய்விடுவேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
தலை குனிந்து எழுதும் உன் அப்பா